மருத்துவர் எழுதித் தந்த ஐந்து வரிகள்

ஏப்ரல் 7 உலக சுகாதார நாள். 1948ஆம் ஆண்டு இதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாதிருப்பது மட்டுமே நலமன்று. உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் நிறைவுற்றிருக்கும் நிலையே நலம் என்று அச்சட்டத்தின் முகப்புரை வரையறுத்தது. ஆண்டுதோறும் இந்நாளையொட்டி வரும் அறிக்கைகளைத் தமிழாக்கும் பணி எனக்கு வருவதுண்டு. ‘உடல்நலம், மனநலம், சமூகநலம்’ என்று மூன்று சொற்களையும் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடுவேன். அந்த மூன்று சொற்களுக்கும் இடையே உள்ள தொடர்பு எத்தகையது என்பதை, ஐதராபாத் நகரில் மூன்று வாரங்கள் தங்க நேர்ந்தபோதுதான் சரிவர உணர்ந்தேன்.

என் தங்கை மகன் அந்நகரின் மாதாப்பூர்ப் பகுதியில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணிபுரிகிறான். வயது 31. ஒருநாள் அதிகாலைப் பணி முடிந்து விடுதிக்குத் திரும்பியவன் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டான். செய்தியறிந்து சென்னையிலிருந்து புறப்பட்டுப் போனேன். பரிசோதித்ததில் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருப்பது தெரிய வந்தது. அவனைப் பார்த்த முதிய மருத்துவர் மாத்திரைகளோடு ஐந்து அறிவுரைகளையும் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தந்தார். நன்றாக உறங்குங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். உப்பைக் குறைத்து, காய்கறியும் பருப்பும் மிகுதியாக உண்ணுங்கள். மனக்கவலையைத் தவிருங்கள். தனித்து இராதீர்கள்.

அறைக்கு வந்ததும் அவன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: “மாமா, இந்த அஞ்சுல எது என் கையில இருக்கு?”

அவன் விடுதிக்கு எதிரே நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அங்கே சாந்து சுமக்கும் பெண்களில் பலர் பாலமூர் எனப்படும் மகபூப்நகர்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். தேநீர்க் கடையில் பழக்கமான ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. அருகிலுள்ள பஸ்தி தவாகானாவில் மாத்திரை தருகிறார்கள். அங்கிருக்கும் மருத்துவரும் ஏறத்தாழ இதே ஐந்தையும்தான் சொல்லியிருக்கிறார். தகரக் கொட்டகையில் உறங்கி, நாளெல்லாம் படியேறி இறங்கும் அவரிடம் ‘நடங்கள்’ என்று சொன்னதை நினைத்து அவர் சிரித்தார்.

மருத்துவர்கள் சொன்னதில் பிழையேதும் இல்லை. ஐந்தும் அறிவியல் வழிப்பட்ட நல்லுரைகளே. ஆயினும், ஊதியத்திலும் வாழ்நிலையிலும் வெகுதொலைவில் உள்ள இருவரும் அவற்றைக் கடைப்பிடிக்க இயலாமல் நிற்கிறார்களே, அது ஏன்? இக்கேள்விக்கு விடை தேட, ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

உறக்கம் என்பது வேலைநேரம் பற்றிய கேள்வி

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் தாக்கும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நீண்ட வேலைநேரம் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7,45,000 உயிர்களைப் பறித்ததாக அந்த ஆய்வு கணக்கிட்டது. வேலைநாளைச் சுருக்கும் போராட்டம் கூலிப் போராட்டம் மட்டுமன்று, உயிர்ப் போராட்டமும் ஆகும் என்று தொழிற்சங்க இயக்கம் சொல்லி வந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தனைக்குப் பிறகும் நம் நாட்டின் பெருமுதலாளிகள் பேசுவது என்ன? வாரத்துக்கு 70 மணி நேரம் உழையுங்கள் என்றார் ஒருவர், 2023இல். 90 மணி நேரம் என்றார் மற்றொருவர், 2025இல். அரசுகளும் அவ்வழியிலேயே நடக்கின்றன. 2025 ஜூலையில் தெலங்கானா காங்கிரஸ் அரசு, வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என ஆணை பிறப்பித்தது. வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு நீடிக்கும், அதற்கு மேற்பட்டால் மிகைநேர ஊதியம் உண்டு என்பது அரசின் சமாதானம். ஆனால் சங்கமே இல்லாத இடத்தில் அந்த வரம்பை அளந்து பார்ப்பவர் யார்? 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், நூறாண்டுப் போராட்டத்தில் எழுப்பிய தடுப்புச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தகர்க்கின்றன.

எதிர்த்தால் பின்வாங்குவார்கள் என்பதற்குத் தமிழகமே சான்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் திருத்த முன்வரைவு சட்டப்பேரவையில் நிறைவேற்றப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றுபட்டு எழுந்தன. மே தினத்தன்று முதலமைச்சரே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் முதன்முதலாக மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அதே நாள் அது. கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்காருவதற்கு உரிமையுண்டு என்று 2021இல் தமிழகம் இயற்றிய சட்டமும் உடல்நலச் சட்டமே. காலில் நரம்பு சுருண்டு, நாளெல்லாம் நின்றே பணிபுரிந்த பெண்களின் வலி அதற்குப் பின்னால் இருக்கிறது.

நடை என்பது நிலம் பற்றிய கேள்வி

என் மருமகனின் நிறுவனம் ஊழியர்களின் ‘நல்வாழ்வுக்காக’க் கைப்பேசிச் செயலி ஒன்றைத் தந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடப்பவர்களுக்குப் பரிசு. எங்கே நடப்பது? கச்சிபௌலியில் நடைபாதை என்று ஒன்று தொடங்கி, நூறடி தாண்டுமுன் மின்மாற்றியிலோ கட்டட இடிபாட்டிலோ முடிந்துவிடுகிறது. மூன்று வாரமும் நாங்கள் விடுதியின் மொட்டைமாடியில்தான் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

இந்நகரில் மரமும் நிழலும் எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலி நிலம். 2025 மார்ச் இறுதியில் அதன் 400 ஏக்கரை ஏலம் விடுவதற்காக மண்வாரி எந்திரங்கள் இரவு பகலாக மரங்களைச் சாய்த்தன. தடுத்து நின்ற மாணவர்கள் காவல்துறையின் தடியடிக்கும் கைதுக்கும் ஆளாயினர். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்த ஆணையிட்டது. அந்த மாணவர்கள் மயில்களையும் மான்களையும் மட்டும் காப்பாற்றவில்லை. ஒரு நகரத்தின் நுரையீரலையும் சேர்த்தே காத்தார்கள்.

நடைக்கும் பேருந்துக்கும் உள்ள உறவையும் நாம் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் தெலங்கானாவில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியது. தமிழகத்தில் 2021 மே முதல் நடைமுறையில் உள்ளது. பாலமூர் அம்மா தன் தங்கையைப் பார்க்கவும், பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும் இப்போது பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. போக்குவரத்துத் திட்டம் ஒன்று எவ்வாறு உடல்நலத் திட்டமாகவும் சமூகநலத் திட்டமாகவும் ஆகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

உணவு என்பது விலை பற்றிய கேள்வி

ஐதராபாத்தின் தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இது நம் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசனால் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன் பல்லாண்டுகள் அதன் இயக்குநராக இருந்து, இந்தியக் குழந்தைகளின் நோய்களுக்குப் பின்னே வறுமை நிற்பதை ஆய்வுகளால் மெய்ப்பித்தார். 2024 மே மாதம் இந்நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு தகாத உணவுமுறையால் விளைவது என்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லிலிட்டர் வேண்டும் என அது பரிந்துரைக்கிறது.

நியாய விலைக் கடைக்கு வருவோம். 2025 முதல் தெலங்கானாவில் தலைக்கு மாதம் ஆறு கிலோ சன்ன அரிசி வழங்கப்படுகிறது. நாளொன்றுக்கு 200 கிராம். தானியப் பங்கு ஏறத்தாழ நிறைவுறுகிறது, வரவேற்போம். எஞ்சிய காய்கறி, பருப்பு, பழம், பால் அனைத்தையும் சந்தை விலையில் வாங்க வேண்டும். அதற்குப் போதிய கூலி இல்லாதவர் மேலும் சோறும் ஊறுகாயும் உண்கிறார். மருத்துவர் குறைக்கச் சொன்ன உப்பு கூடுகிறது. தமிழகத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் தரப்படுவதன் அருமை அண்டை மாநிலத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. பொது விநியோகத்தில் பருப்பு, எண்ணெய் உள்ளிட்ட பொருள்களையும் அனைவருக்கும் வழங்குக என்ற நம் நெடுநாள் கோரிக்கை, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் எதிரான கோரிக்கை என்பதை மக்களிடம் அந்த வடிவிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதையே பேசுகிறது. மிகினும் குறையினும் நோய் என்பது அதன் தொடக்கம். மிகுதியால் வரும் நோயைப் பற்றி நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. குறைவால் வரும் நோயைப் பற்றி எழுதுவதற்கு நம் ஏடுகளே இருக்கின்றன.

மன அமைதி என்பது வாழ்வுறுதி பற்றிய கேள்வி

‘மனக்கவலையைத் தவிருங்கள்’ என்ற வரியைத்தான் என் மருமகன் மிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தனர். ஆட்குறைப்புக்குப் பின் ஏழு பேர். வேலை அப்படியே இருக்கிறது. வீட்டுக் கடனின் தவணை ஐந்தாம் தேதி வருகிறது. நிறுவனம் மாதமொருமுறை தியான வகுப்பு நடத்துகிறது.

தியானத்தை நான் இகழவில்லை; மூச்சுப் பயிற்சி சிலருக்குப் பயன் தரலாம். ஆனால் கவலையை உண்டாக்குகிறவரே கவலை தீர்க்கும் வகுப்பையும் நடத்தும்போது, நோய்க்கான பொறுப்பு முழுவதும் நோயாளியின் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. உறங்காதது உன் குற்றம். அஞ்சுவது உன் பலவீனம் என்றாகிவிடுகிறது. நவதாராளமயம் கல்வியையும் மருத்துவத்தையும் மட்டும் தனியார்மயமாக்கவில்லை. துயரத்தையும் தனியார்மயமாக்கியுள்ளது.

2019 அக்டோபரில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் 48,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் தம்மைத் தாமே பணிநீக்கம் செய்துகொண்டவர்கள் என்று அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். ஐம்பது நாளுக்கும் மேல் ஊதியமின்றிப் போராடிய அக்காலத்தில் சில தொழிலாளர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை நாம் இழந்தோம். சாதிய ஒதுக்குதலும், விடுதியிலிருந்து வெளியேற்றமும், நிறுத்தப்பட்ட உதவித்தொகையும் ஓர் ஆய்வு மாணவனின் மனத்தில் என்ன செய்யும் என்பதை நாடு அன்று கண்டது. இவற்றைத் தனிமனிதரின் மனநோய் என்று பெயரிட்டு முடித்துவிட முடியுமா?

அதே வேளையில், சமூகக் காரணம் இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை தேவையில்லை என்று நாம் சொல்லிவிடலாகாது. இது நம்மிடையே உள்ள ஒரு பிழையான எண்ணம். 2015–16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். பாதிப்பின் வகைக்கேற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டுவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை மறக்க இயலாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியுள்ளது. 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் ஆலோசனை பெறலாம். இதை ஒவ்வொரு தோழரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உறவு என்பது குடியிருப்பு பற்றிய கேள்வி

ஐதராபாத் பெருநோய்களின் நினைவுகளைச் சுமந்த நகரம். 1591இல் எழுந்த சார்மினார், கொள்ளைநோய் ஓய்ந்ததன் நினைவாகக் கட்டப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. செகந்திராபாத் போனாலு விழாவும் 1813ஆம் ஆண்டின் கொள்ளைநோயோடு தொடர்புடையதாகவே சொல்லப்படுகிறது. பெண்கள் தலையில் சோற்றுப் பானை ஏந்திச் செல்லும் அவ்விழாவைக் காணும் எவருக்கும் நம்மூர் மாரியம்மனும் கூழ்வார்த்தலும் நினைவுக்கு வரும். அந்த நம்பிக்கையை நாம் ஏற்காமலிருக்கலாம்; ஆனால் நோயைத் தனித்து எதிர்கொள்ள முடியாது என்ற மக்கள் அறிவு அதற்குள் இருப்பதைக் காணத் தவறக் கூடாது.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரை அடித்துச் சென்றது. அதற்குப் பிறகே விசுவேசுவரய்யாவின் திட்டப்படி உஸ்மான் சாகர், இமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. பேரழிவுக்குப் பின்னரே பொதுச் சுகாதாரம் ஆட்சியாளர் நினைவுக்கு வரும் என்பது அன்றும் விதி, இன்றும் விதி. 2009 மே மாதம் போலக்பூரில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து பலர் உயிரிழந்த பிறகே அங்கே பழைய குழாய்கள் பேசுபொருளாயின.

அதே மூசியின் கரையில் 2024 இறுதியில், நதிக்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்காக ஏழைகளின் வீட்டுச் சுவர்களில் சிவப்பு எழுத்தால் அடையாளமிட்டனர். ஆறு தூய்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அங்கிருந்து பெயர்க்கப்படுபவர் இழப்பது வீட்டை மட்டுமன்று. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டியையும், கடன் தந்த கடைக்காரரையும், நடந்துபோகும் தொலைவிலிருந்த வேலையையும் சேர்த்தே இழக்கிறார். சென்னையில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நமக்குக் கற்பித்த பாடம் இது. சமூகநலம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அந்தப் பாட்டியே அதன் பொருள்.

2020 மே 1 அன்று நாட்டின் முதல் புலம்பெயர் தொழிலாளர் சிறப்பு ரயில் ஐதராபாத்தின் லிங்கம்பள்ளியிலிருந்துதான் ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. ஊரடங்கு தொடங்கி ஐந்து வாரங்கள் கழிந்த பின். இந்நகரைக் கட்டியவர்களுக்கு இந்நகரில் உறவென்று யாருமில்லை என்பதை அந்த ரயில் உலகுக்குக் காட்டியது.

மாத்திரையும் மருத்துவமனையும்

1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை, கட்டணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்றது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் நாம் காண்பது என்ன? 2007இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழகமும் 2009இல் அவ்வழியில் சென்றது. அறுவைச் சிகிச்சைக்கு அலைந்த ஏழைகள் பலர் அதனால் பிழைத்தனர்; மறுக்க முடியாது. ஆனால் பொதுப் பணத்தில் பெரும்பங்கு தனியார் பெருமருத்துவமனைகளுக்குப் பாய, ஏழைகளின் உஸ்மானியா மருத்துவமனையின் பழம்பெரும் கட்டடத்துக்குள் 2020 ஜூலையில் மழைநீர் புகுந்து நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2025 ஜனவரியில்தான். மாதம்தோறும் தேவைப்படும் இரத்த அழுத்த மாத்திரை காப்பீட்டில் வராது. இதயம் பழுதானால் வரும். நோயைத் தடுப்பதில் ஆதாயமில்லை என்பதே இதன் பொருளியல்.

ஐதராபாத் இன்று மருந்துத் தொழிலின் தலைநகர். அதற்கு அடித்தளமிட்டது 1961இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் உருவான பொதுத்துறை நிறுவனம் ஐ.டி.பி.எல். செயற்கை மருந்துகளுக்கான ஆலை ஐதராபாத்திலும், அறுவைக் கருவிகளுக்கான ஆலை நம் நந்தம்பாக்கத்திலும் அமைந்தன. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் சேர்ந்து, மருந்து விலையை ஏழைகளுக்கு எட்டும்படி செய்தன. அங்கே பயின்ற தொழில்நுட்ப வல்லுநர்களே பின்னாளில் தனியார் நிறுவனங்களைக் கட்டினர். பொதுத்துறை ஆலையோ நலிவுற விடப்பட்டது. எஞ்சியது என்ன? பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகச் செறிவில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே பகுதியில் பாசமைலாரத்தில் 2025 ஜூன் 30 அன்று மருந்துப் பொருள் ஆலை வெடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் தம் உறவுகளை இழந்தன. மருந்து செய்யும் தொழிலாளியின் உயிருக்கே மருந்தில்லை.

2018இல் தொடங்கிய பஸ்தி தவாகானாக்களும், 2021இல் தமிழகம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் சரியான திசையில் வைத்த அடிகள். பாலமூர் அம்மாவின் மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கட்டட வேலைக்குச் செல்பவர் வீடு திரும்பும் மாலையில் தவாகானா திறந்திருப்பதில்லை. மாத்திரைக்காக அரைநாள் கூலியை இழக்கிறார். வீடு வீடாகச் சென்று நலம் விசாரிக்கும் ஆஷா ஊழியர்களோ, 18,000 ரூபாய் நிலையான ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நிற்கின்றனர். பிறர் நலம் பேணும் பெண்ணுக்கு நலமில்லை என்றால் அந்த நலவாழ்வுத் திட்டம் எத்தனை நாள் நிற்கும்?

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம்

இதுவரை எழுதியதைத் தோழர்கள் எளிதில் ஏற்பார்கள். இனி எழுதப்போவது சற்றுக் கசக்கலாம்.

என்னோடு இளைஞர் அமைப்பில் பணியாற்றிய தோழர் ஒருவர், பின்னர் பகுதிச் செயலாளரானார். சர்க்கரை நோய் இருந்தது. கூட்டம் முடிந்து நள்ளிரவில் புரோட்டா, இடையில் பத்துத் தேநீர், நான்கு மணி நேர உறக்கம். காலில் புண் ஏற்பட்டபோதும் மாநாட்டுப் பணி முடியட்டும் என்றார். ‘மருத்துவரைப் பார்த்தீர்களா?’ என்று நாங்கள் கேட்டோம், அழைத்துச் செல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவரை இழந்தோம். செங்கொடி போர்த்தினோம். அவருடைய தியாகத்தைப் போற்றிப் பேசியவர்களில் நானும் ஒருவன். அன்று என் உரையில் தியாகம் என்ற சொல்லைப் பயன்படுத்திய இடங்களில், எங்கள் கவனக்குறைவு என்ற சொல் இருந்திருக்க வேண்டும்.

வர்க்க எதிரியின் தடியடியில் விழுவது தியாகம். பார்க்கப்படாத சர்க்கரையில் விழுவது தியாகம் அன்று. அது இயக்கத்துக்கு நேர்ந்த இழப்பு, தடுத்திருக்கக்கூடிய இழப்பு. ‘உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் புரட்சி வருமா?’ என்று நம்மில் சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அக்கேள்விக்குள் தனிமனிதவாதத்துக்கு எதிரான ஒரு நியாயம் ஒளிந்திருப்பதை அறிவேன். சந்தை விற்கும் ‘நல்வாழ்வு’ வேறு. தோழர் ஒருவர் மற்றொரு தோழரின் நலத்துக்குப் பொறுப்பேற்பது வேறு. முன்னது நலத்தைத் தனிச்சொத்தாக்குகிறது, பின்னது பொதுவுடைமையாக்குகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் நான்காவது கூறாக வள்ளுவர் வைத்தார். அந்த நான்காமவராக இருக்க ஒரு கிளையால் முடியும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கிளைகளின் முன் நான் வைக்கும் யோசனைகள் இவை. ஆண்டுக்கொருமுறையேனும் உறுப்பினர் அனைவரும் அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்வதைக் கிளையே ஏற்பாடு செய்யட்டும். அங்கே செல்லும்போதே மருந்து இருப்பு, மருத்துவர் வருகை, மாலை நேரச் சேவை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குறைகளை வட்டார இயக்கமாக மாற்றட்டும். கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியட்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு நீளும் கூட்டம் முதலில் வெளியே தள்ளுவது பெண் தோழர்களைத்தான். மூன்று கூட்டங்களுக்கு வராத தோழருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுமுன், இருவர் அவர் வீட்டுக்குச் சென்று வரட்டும். கடனோ, மனச்சோர்வோ, நோயோ, எதுவென்று அறிந்துவரட்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியர், உணவு கொண்டுசேர்க்கும் இளைஞர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரை அணுகும்போது, ‘எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?’ என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். சங்கத்தின் தேவை அவர்கள் வாயிலிருந்தே வரும்.

ஐதராபாத்தின் அபிட்சில் ஓரியண்ட் ஓட்டல் என்று ஒன்று இருந்தது. மக்தூம் மொகிதீன் போன்ற தோழர்களும் கவிஞர்களும் இரானித் தேநீருடன் மணிக்கணக்கில் கூடிப் பேசிய இடம். இன்று அத்தகைய தேநீர்க் கடைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மனிதர் கூடிப் பேசும் இடங்கள் குறையக் குறைய, நம் கிளை அலுவலகங்களின் தேவை கூடுகிறது. என் மருமகன் ஊருக்குப் புறப்படும் என்னிடம், “மாமா, இந்த மூணு வாரமா யார்கூடயாவது பேசிட்டே சாப்பிட்டேன், அதுவே பாதி மருந்து” என்றான். அவனை அங்குள்ள தோழர்களிடம் அறிமுகம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

உறங்கு, நட, உண், கவலை தவிர், தனித்திராதே என்று எழுதித் தருவதோடு மருத்துவரின் பணி முடிகிறது. அவற்றை ஒரு கட்டடத் தொழிலாளியும் கடைப்பிடிக்கத்தக்க நகரத்தைப் போராடிப் பெறுவது நம் பணி. அப்பணிக்கு நாமும் உயிரோடும் நலத்தோடும் இருந்தாக வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தொடங்குவோம், தோழர்களே.